மச்சான் தந்த பணத்தைத் திரும்பக் கேட்டால் கொடுத்தாக வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு சிவாஜிநகரில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். கடை போடும்போது மனைவியின் அண்ணன் ஒரு லட்சம் ரூபாய் போன்பே செய்தார். 60,000 கடை அட்வான்ஸுக்குப் போய்விட்டது, மீதி கணக்கில் கிடக்கிறது. இப்போது குடும்பத்தில் மனஸ்தாபம், பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். மார்க்கப்படி தர வேண்டுமா? அவர் தம்பி நிக்காஹ்வில் நான் எழுதிய 5,000 ரூபாய் மொய்யைக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: அது அன்பளிப்புதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பணம் வந்த நாளின் வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுங்கள். "வெச்சுக்குங்க மாப்ளே" என்றிருந்தால் ஹிபா, அதாவது அன்பளிப்பு. "வியாபாரம் ஓட ஆரம்பிச்சதும் குடுங்க" என்றிருந்தால் கடன். கடன் என்றால் எந்த மத்ஹபிலும் (இஸ்லாமியச் சட்டப் பிரிவிலும்) முழுத் தொகையையும் தந்தே தீர வேண்டும், செலவாகிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. கடனை எழுதி வையுங்கள் என்று குர்ஆனின் அல்பகறா அத்தியாயம் 282ஆம் வசனம் சொல்வதை நாம் வெளியாருக்கு மட்டும் பார்க்கிறோம். சொந்தத்துக்குள் விட்டுவிடுவதால்தான் இத்தனை சண்டையும்.

இனி, ஹிபா என்றே வைத்துக்கொள்வோம். "தருகிறேன்" என்று சொன்னது மட்டும் என்றால் அது வெறும் வாக்கு. கணக்கில் வரவானதும் நீங்கள் கைப்பற்றியதாக ஆகிவிட்டது. அதன்பின் திரும்பக் கேட்பவரை, கக்கியதையே தின்னும் நாயோடு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கண்டனத்தில் பேதமில்லை. சட்டத்தில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, வேலூர், ஆம்பூர் பக்கத்தார் ஹனஃபி. ஒரே தெருவில் இரண்டு பதில் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் விஷயம் சுருக்கம். கைக்கு வந்துவிட்டால் கொடுத்தவருக்குத் திரும்பப் பெறும் உரிமை இல்லை. பெற்றோரும் பாட்டன் பாட்டியும் தம் பிள்ளைகளுக்குத் தந்தது மட்டும் விலக்கு. மச்சான் அதில் வரமாட்டார்.

ஹனஃபியில் கேட்கலாம், ஆனால் அது மக்ரூஹ் தஹ்ரீமி, அதாவது ஹராமை ஒட்டிய வெறுக்கத்தக்க செயல். உங்கள் சம்மதமோ காழியின் (மார்க்க நீதிபதியின்) தீர்ப்போ இல்லாமல் எடுக்க முடியாது. சில தடைகள் வந்தால் அந்த வழியும் அடைபடும்: பணம் செலவாகிவிடுவது, இருவரில் ஒருவர் இறப்பது, அதற்கு ஈடாக ஒன்றைப் பெற்றுக்கொள்வது, கணவன் மனைவியாக இருப்பது, மணமுடிக்க ஹராமான ரத்த உறவாக இருப்பது. உங்கள் 60,000 கைவிட்டுப் போய்விட்டதால் அதில் பேச ஒன்றுமில்லை. மிச்சம் 40,000 தான். அதுவும் கடை வசூலோடு ஒரே கணக்கில் கலந்திருந்தால் செலவானதாகவே கருதுவோர் உண்டு. வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு, மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தியிடம் போங்கள். இன்னொன்று, பணம் உங்கள் மனைவிக்கென்று தரப்பட்டது என்றால் கணக்கே மாறும். அண்ணன் தங்கைக்குத் தந்ததை ஹனஃபியிலும் திரும்பப் பெற முடியாது.

ஜமாஅத் சமரசம் பேசலாம், வற்புறுத்த முடியாது. நம் நாட்டு நீதிமன்றங்களும், ஒப்படைத்துவிட்ட ஹிபாவை நீதிமன்றத் தீர்ப்பு இன்றி ரத்து செய்ய முடியாது என்றே கொள்கின்றன.

அவர் கடன் என்கிறார், நீங்கள் அன்பளிப்பு என்கிறீர்கள், ஆதாரமும் இல்லை என்றால் தனித்தனியே ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்காதீர்கள். கேட்டவர் சொன்னதை வைத்துத்தான் பதில் வரும், இரண்டு தாளும் இரண்டு விதமாக இருக்கும். இருவரும் சேர்ந்து ஒரே ஆலிமின் (மார்க்க அறிஞரின்) முன் உட்காருங்கள்.

கடமை இல்லாவிட்டாலும் உறவு முறியாமல் இருக்க நீங்களாக விரும்பித் தந்தால் தாராளமாகத் தரலாம். "என் விருப்பத்தில் தருகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள்.

மொய்யைக் கழிக்க முடியாது, அதை வாங்கியவர் தம்பி. நோட்டில் எழுதி, பிறகு திருப்பி வைத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் பக்கத்து வழக்கமானால் ஹனஃபி அறிஞர்கள் பலர் அதைக் கடன் என்பர். அப்போதும் 5,000 தான், மேலே கேட்டால் வட்டி. அப்படி வழக்கமில்லை என்றால் அதுவும் அன்பளிப்பே. கடன்தான் என்று முடிவானாலும், தம்பியும் மச்சானும் ஒப்புக்கொண்டால் மட்டுமே கழிக்கலாம்.