ரவுண்டானாவில் சுற்றி வந்தவர் மீது பாதித் தப்பா?

கேள்வி: எங்கள் ஊர் ரவுண்டானாவில் பைக்கில் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கச் சாலையிலிருந்து நிற்காமல் நுழைந்த கார் இடித்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் ஆகிறது. “நான் வந்தது மெயின் ரோடு, நீதான் நின்றிருக்க வேண்டும்” என்கிறார் கார்காரர். பாதித் தப்பு என்னுடையது என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. சரிதானா?

பதில்: சரியில்லை. கார்காரர் பேச்சில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. சிறு தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில், தெருவிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும். சிக்னலோ போலீஸோ இல்லாத சாதாரண நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி. ஆனால் ரவுண்டானாவில், 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, ஏற்கெனவே உள்ளே சுற்றும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. எவ்வளவு பெரிய சாலையில் வந்தவரும் வேகம் குறைத்து, இடைவெளி பார்த்துத்தான் நுழைய வேண்டும். நாம் கடிகாரச் சுற்றில் சுற்றுவதால் நீங்கள் அவருக்கு வலப்பக்கம்தான் வந்திருப்பீர்கள்; வலப்பக்க விதிப்படி பார்த்தாலும் நின்றிருக்க வேண்டியவர் அவர்தான்.

என் கவலை வேறு. நம் ஊர்களில் நாற்சந்தி நடுவே ஒரு சிலை, சுற்றி நாலு இரும்புத் தடுப்பு இருந்தாலே ரவுண்டானா என்கிறோம். போலீஸ் போடும் மாதிரி வரைபடத்தில் நடுவட்டம் விடுபட்டு வெறும் கூட்டல் குறியாக இருந்தால், இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தில் அது சாதாரண நாற்சந்தி ஆகிவிடும். மெயின் ரோடு வாதத்துக்கு உயிர் வந்துவிடும். இப்படி ஒரு வரைபடத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அதனால் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் மூன்றின் நகலையும் இந்த வாரமே வாங்குங்கள். வட்டம் இல்லையென்றால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள். அப்புறம் அந்த இடத்துக்கு யாரையாவது அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள்: நடுவட்டத்தின் விளிம்புக் கல், சுழலும் அம்புகள் போட்ட முக்கோணப் பலகை, கார் நுழைந்த வாயிலில் தலைகீழ் முக்கோணமாக ‘வழிவிடு’ பலகை இருந்தால் அதுவும். பைக்கை இன்னும் ரிப்பேருக்கு விடவில்லையென்றால் விடாதீர்கள். இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் உள்பக்கமாக மடங்கியிருந்தால், இடி எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பாதித் தப்பு என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வேறு சாட்சியம் இல்லாமல் மகஜரை மட்டும் வைத்துப் பாதிக்கப்பட்டவர் மேல் தப்பைப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்று. நீங்கள் வேகமாக வந்திருந்தாலோ, வெளியேற இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே வெட்டியிருந்தாலோ, இழப்பீட்டில் ஒரு பங்கு குறையலாம். உங்கள் வக்கீலிடம் அதை மறைக்காதீர்கள்.

சமரசப் பேப்பரில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் இழப்பீட்டு மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம்தான். உங்களுக்கு நாலு மாதம் மிச்சம் இருக்கிறது.