படத்தில் கறுப்பு நாயின் கண் தெரியவில்லை என்றால்

உங்கள் கறுப்பு லாப்ரடார் எந்தப் படத்திலும் கண்ணே தெரியாமல் கரிய உருவமாக விழுகிறது என்கிறீர்கள். ஜன்னல் அதன் பின்னால் இருந்தால் அப்படித்தான் வரும். நாய் ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். நீங்கள் வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாகத் தரையில் படுத்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். போன் திரையில் நாயின் கண்ணின் மேல் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்று மேலே இழுங்கள். கழுத்து முடி இழை இழையாகத் தெரியும்வரை இழுக்கலாம், பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை. கண்ணில் ஜன்னல் சின்ன வெள்ளைப் புள்ளியாக விழுந்தால் முகத்துக்கே உயிர் வந்துவிடும். ஃப்ளாஷ் மட்டும் போடவே போடாதீர்கள். கண் பச்சையாக மின்னும், பாவம், அதற்கும் கூசும். வெளியில் எடுப்பதானால் உச்சி வெயில் வேண்டாம், மர நிழலின் விளிம்பே நல்லது. நாய் ஓடும்போது எடுத்தால் ஷட்டர் வேகம், அதாவது படம் பதிவாகும் நேரம், 1/1000 வினாடியாக இருக்கட்டும்.