அந்த அச்சடித்த கடிதத்தை அனுப்பாதீர்கள்

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் குதிரை மேயும் புல்வெளியில் 180 வீடுகள் கட்ட ஒரு கம்பெனி கவுன்சிலில் விண்ணப்பம் போட்டிருக்கிறது. அது கிரீன் பெல்ட் நிலம், அதாவது நகரத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள நிலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அச்சடித்த எதிர்ப்புக் கடிதம் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார். என் மகனோ, “வீடே கட்டாவிட்டால் நாங்கள் எங்கே போவது?” என்கிறான். எனக்கு இன்னும் குடியுரிமைகூட இல்லை. நான் இதில் தலையிடலாமா?
– வாசகி, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், இங்கிலாந்து

பதில்: தாராளமாக. குடியுரிமையை யாரும் கேட்கப்போவதில்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும். எதிர்ப்பதா ஆதரிப்பதா என்பது உங்கள் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது. ஆனால் அந்த அச்சடித்த கடிதம் மட்டும் வேண்டாம். நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவிலும் இதே கதைதான். வீட்டுக்கு வீடு ஒரே கடிதம்: ஜன்னலைத் திறந்தால் தெரியும் காட்சி போய்விடும், வீட்டு விலை இறங்கிவிடும். கவுன்சிலில் கட்டட அனுமதியைப் பார்க்கும் பிளானிங் அதிகாரியின் அறிக்கையில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி. தனிப்பட்ட காட்சியும் வீட்டு விலையும் பிளானிங் முடிவில் கணக்கில் வராதவை. அந்தப் புல்வெளியின் தாழ்ந்த மூலையில் குளிர்காலம் முழுக்க கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவர்கூட எழுதவில்லை. இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன. மோசமில்லை. வடிகால்தான் மோசம்.

இன்னொரு விஷயம். கிரீன் பெல்ட் என்பது அழகான நிலத்துக்குக் கொடுத்த பட்டம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெருநகரம் கட்டுப்பாடில்லாமல் பரவாமல் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து டவுன்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது என்று அதற்கு ஐந்து நோக்கங்கள் உண்டு. அழகு அதில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த விதிகள் ‘கிரே பெல்ட்’ என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தன. நகரம் பரவுவதைத் தடுப்பது, டவுன்களைப் பிரித்து வைப்பது, பழைமையான ஊரின் சூழலைக் காப்பது, இந்த மூன்றில் எதற்கும் வலுவாக உதவாத நிலம் அந்த வகைக்குள் போகலாம். போனால் வீடு கட்ட அனுமதி வாங்குவது சுலபம்.

அதனால் முதலில் வரைபடத்தைப் பாருங்கள். புல்வெளிக்கு அந்தப் பக்கம் அடுத்த டவுனா, வெறும் கிராமமா? கிராமம் இந்தக் கணக்கில் டவுன் ஆகாது. இரண்டு டவுன்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடைவெளி இதுதான் என்றால், அதைத் தூரத்தோடு எழுதுங்கள். கடிதத்தின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிரே பெல்டில் இந்த அளவுக்குக் கட்டினால், குறைந்த விலை, குறைந்த வாடகை வீடுகளின் பங்கு பொதுவாக உங்கள் பகுதியின் வழக்கமான அளவைவிட 15 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருக்க வேண்டும். உச்சவரம்பு 50 சதவீதம். இந்த 180-இல் அப்படி எத்தனை என்று விண்ணப்பத்தில் தேடச் சொல்லுங்கள். ‘இத்தனை வீடு கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் எதிர்க்கிறேன்’ என்றும் அவர் எழுதலாம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு கருத்து போவதில் தப்பில்லை.

‘இருபது வருஷமாக இங்கேதான் நடக்கிறோம், கிராமப் பொதுவெளியாகப் (village green) பதிவு செய்து கட்டடம் வராமல் தடுத்துவிடலாம்’ என்று யாராவது கிளம்புவார்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். நேரத்தை வீணாக்காதீர்கள்.

கருத்துச் சொல்லக் கவுன்சில் குறைந்தது 21 நாள் தரும். அனுமதி மறுத்தால் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்தால் உங்களுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆறு வாரத்துக்குள் நீதிமன்றம் போகலாம், அதுவும் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று கேட்க மட்டும்தான். செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

அப்புறம், அடுத்த பெருமழைக்கு மறுநாள் காலை கேமராவோடு வேலி ஓரம் ஒரு நடை போய் வாருங்கள். தண்ணீர் நின்றால் படத்தைத் தேதியோடு இணைத்துவிடுங்கள்.