கிரீடம் வைத்த ‘சி’

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் அருகே வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தை ஒன்றில் ஒரு ஜோடி ‘ஷெனே’ வாங்கினேன். கணப்பில் விறகைத் தாங்கும் இரும்புக்கு முன்னால் நிற்குமே, அந்தப் பொன்முலாம் அலங்காரம். உயரம் 40 செ.மீ. ஒன்றில் சீன ஆண், மற்றதில் சீனப் பெண். ஓரத்தில் கிரீடம் வைத்த சின்ன ‘சி’ எழுத்து. பழைய பிரெஞ்சு வெண்கலக் கலைஞர் காஃபியேரியின் முத்திரை என்றார் விற்றவர். ஆங்காங்கே கறுத்திருக்கிறது. பித்தளை பாலிஷ் போடலாமா? புதிதாக முலாம் பூசிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாலிஷ் டப்பாவை முதலில் மூடி வையுங்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த ‘சி’ காஃபியேரி அல்ல. நெடுநாள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அது வரி முத்திரை என்று 1924-இல் ஆன்ரி நோக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதியபிறகுதான் விஷயம் தெளிந்தது. செம்பு கலந்த உலோகப் பொருட்களுக்கு 1745-இல் பிரான்சில் ஒரு வரி போட்டார்கள், 1749-இல் எடுத்துவிட்டார்கள். ‘சி’ என்பது செம்பைக் குறிக்கும் ‘குய்வ்ர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. அந்த நாலு வருடத்தில் விற்பனைக்கு வந்த பழைய பொருளிலும் அதை அடித்தார்கள். ஆகவே முத்திரை அசல் என்றால் உங்கள் ஜோடி 1749-க்குப் பிற்பட்டதல்ல. அவ்வளவுதான் சொல்லும், செய்தவர் யாரென்று சொல்லாது. ஜாக் காஃபியேரி பெயரைப் பொறித்தபோது முழுதாகவே பொறித்தார். லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில் உள்ள 1751-ஆம் வருடச் சரவிளக்கில் அதைப் பார்க்கலாம்.

முத்திரை அசலா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். உளிமுத்திரையால் அடித்தது என்றால் விளிம்பு கூராக இருக்கும், சுற்றிலும் உலோகம் சற்று அமுங்கியிருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் முத்திரையும் வார்ப்போடு சேர்ந்தே வந்துவிடும், மழுங்கித் தெரியும். நகலுக்கு இன்னொரு குறையும் உண்டு. உருக்கிய உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். 40 செ.மீ. அசலின் நகல் 6 மி.மீ. குட்டையாகிவிடும். அதே வார்ப்பு அருங்காட்சியகம் எதிலாவது இருந்தால் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாணியை மறுபடி செய்தவர்கள் ஏராளம். பாரிஸ் பட்டறைக்காரர் ஆன்ரி தாசோன் போன்றவர்கள் நேர்மையாகப் பெயரும் வருடமும் போட்டார்கள், எல்லோரும் போடவில்லை.

இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராகத் திரும்பியிருக்கின்றனவா? இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் வெவ்வேறு ஜோடியிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம். பின்னாலுள்ள இரும்பு புதியதாக இருந்தால் மட்டும் கவலைப்படாதீர்கள். நெருப்பில் கிடப்பது அது, தேய்ந்து மாற்றியிருப்பார்கள்.

இனி முலாம். இந்த வகைப் பொருளுக்கு ‘பொன்முலாம் வெண்கலம்’ என்று பெயரே தவிர, உள்ளே பெரும்பாலும் பித்தளைதான். தங்கத்தைப் பல மடங்கு பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதமாக்கி, தேய்த்து, கரிநெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு சில இடங்களை அகேட் கல்லால் தேய்த்துப் பளபளக்க விடுவார்கள், சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். அந்த ஆவிதான் முலாம்காரர்களின் கையை நடுங்கவைத்து உயிரையும் வாங்கியது. அவர்களைக் காக்க வழி காண்பவருக்கென்று ரவ்ரியோ என்ற வெண்கல வணிகர் உயிலில் 3000 ஃபிராங்க் எழுதிவைத்தார். புகைபோக்கி இழுப்பைச் சீராக்கிய அடுப்புக்காக வேதியியலாளர் தார்சே 1818-இல் அந்தப் பரிசைப் பெற்றார்.

இப்படி ஒட்டிய தங்கம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். தங்கம் கறுக்காது. நீங்கள் பார்ப்பது கரிப்புகை, பழைய மெழுகு, அல்லது முலாமின் நுண்துளை வழியே மேலே வந்த செம்பின் கறை. பாலிஷில் உள்ள அரைப்புத் தூள் கறையோடு தங்கத்தையும் எடுத்துவிடும்; முதலில் மூக்கும் முழங்காலும் பித்தளையாகும். அம்மோனியா பழைய பட்டறை வழக்கம், அதுவும் வேண்டாம். பஞ்சு நீலமானால் போவது அழுக்கல்ல, செம்பு.

கழற்றுமுன் படமெடுங்கள். திருகுகள் கையால் மரை வெட்டியவை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வையுங்கள். மென்தூரிகையால் தூசு தட்டியபின், ஒரு லிட்டர் வாலைவடி நீரில் 5 மி.லி. அயனியற்ற (non-ionic) சோப்புத் திரவம் கலந்து, நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். பின்பு வெறும் நீர்ப் பஞ்சு, உடனே ஈரம் ஒற்றுதல். தொட்டியில் ஊறப்போட்டால் மூட்டுகளில் நீர் தங்கி, இரும்புத் திருகுகள் துருவேறி வீங்கும். பழைய வார்னிஷ் இருந்தால் மறைவான இடத்தில் அசிட்டோன் சோதனை செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து. இரும்புக்கு நுண்படிக (microcrystalline) மெழுகு பூசலாம்; முலாமுக்கு எதுவும் தேவையில்லை.

புது முலாம் வேண்டவே வேண்டாம். மின்முலாம் போட்டால் மங்கலும் பளபளப்பும் சேர்ந்த அந்த விளையாட்டு ஒரே மஞ்சளாகிவிடும். அதோடு முக்கியமான சான்றும் போகும்: பொருளில் என்னென்ன உலோகம் என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் பழைய முலாம் பாதரசத்தைக் காட்டும், 1840-களில் பரவிய மின்முலாம் காட்டாது. அந்தச் சோதனையைச் செய்துவிட்டு விலை பேசுங்கள்.