40 பவுண்டு வில்லுக்கு எந்த அம்புமுனை?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறோம். என் 13 வயது மகள் இந்த இலையுதிர்காலத்தில் முதன்முறையாக என்னுடன் வெள்ளைவால் மான் வேட்டைக்கு வர விரும்புகிறாள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டாள். அவளுடையது 40 பவுண்டு இழுவிசை, 25 அங்குல இழுப்பு நீளம் கொண்ட காம்பவுண்ட் வில். கார்பன் அம்புகளின் ஸ்பைன் எண் (அம்புத்தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) 500. உடலில் பட்டதும் 2 அங்குல அகலத்துக்கு விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட்தான் (பிராட்ஹெட் என்பது வேட்டைக்கான அலகுள்ள முனை) புதியவர்களுக்கு ஏற்றது என்று கடையில் சொல்கிறார்கள். மகளின் தோழியுடைய தந்தையோ விரியாத சாதாரண முனையே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: தோழியின் தந்தை சொன்னதே சரி. உங்கள் மகளின் வில்லுக்கு ஏற்றது அசையும் பாகம் எதுவும் இல்லாத, நுனியிலிருந்தே வெட்டத் தொடங்குகிற, இரண்டு அலகுகள் கொண்ட, வெட்டு அகலம் ஓர் அங்குலத்தை ஒட்டியிருக்கும் முனை. கடைக்காரர் காட்டியது மோசமான பொருள் அன்று. 65 பவுண்டு வில்லை இழுக்கும் பெரியவர் ஒருவருக்கு அது நல்ல தேர்வாகவே இருக்கக்கூடும். ஒரே முனை ஒரு வில்லில் சிறப்பாகவும் இன்னொரு வில்லில் பாதியிலேயே நின்றுபோவதாகவும் இருப்பதற்கான காரணத்தை நீங்கள் புரிந்துகொண்டால், அடுத்த ஆண்டு அவள் வில்லின் இழுவிசை கூடும்போது எதை மாற்றலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அது வெட்டுகிறது, இரத்த இழப்பினாலும் நுரையீரல் சுருங்கிப்போவதாலும் விலங்கு இறக்கிறது. இரண்டு நுரையீரல்களையும் கடந்து செல்லும் அம்பு பட்ட மான், பெரும்பாலும் சில நொடிகள் ஓடி, கண்ணுக்கெட்டும் தொலைவிலோ அதற்குச் சற்று அப்பாலோ விழுந்துவிடும். ஒரு நுரையீரலை மட்டும் தொட்டு நின்றுபோன அம்பு பட்ட மானோ நெடுந்தூரம் போய், கிடைக்காமலேகூடப் போய்விடும். ஆகவே முனையிடம் நாம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது, அது எவ்வளவு அகலமாக வெட்டுகிறது என்பதையன்று, மறுபக்கம் வெளியே வருகிறதா என்பதைத்தான்.

மரத்தில் கட்டிய பரணிலிருந்து எய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் அம்பு, விலாவின் மேற்பகுதியில் நுழைகிறது. அது உள்ளேயே தங்கிவிட்டால், இருக்கும் ஒரே துளை மார்புக்கூட்டின் உயரத்தில் இருக்கும். இரத்தம் கீழே சிந்தாமல் உள்ளேயே தேங்கும். காய்ந்த ஓக் இலைகளின் மேல் நீங்கள் தேடிப் பின்தொடர ஒரு துளிகூடக் கிடைக்காமல் போகலாம். அம்பு மறுபுறம் தாழ்வாக வெளியேறியிருந்தால், ஓர் அங்குலத் துளையே போதும், தடம் தரையில் தெளிவாக விழும். ஊடுருவிச் சென்ற அம்பை எடுத்துப் பார்ப்பதும் பயனுள்ளது: குமிழிகளுடன் கூடிய வெளிர்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும், கருஞ்சிவப்பு கல்லீரலைக் காட்டும், பச்சைநிறக் கசடும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது, பல மணி நேரம் காத்திருந்தே தேடிப் போக வேண்டும்.

இப்போது உங்கள் மகளின் வில் எவ்வளவு ஆற்றலைத் தருகிறது என்று பார்ப்போம். அம்பின் மொத்த எடையைக் கிரெயின் என்ற சிற்றெடை அளவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 4,50,240 ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். அவளுடைய அம்பு முனையுடன் சேர்த்து 370 கிரெயின், வேகம் நொடிக்கு 195 அடி என்று வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 31. கடையில் உள்ள வேகமானியில் ஒருமுறை எய்யச் செய்தால் சரியான வேகம் தெரிந்துவிடும். அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் வழிகாட்டி, மான் போன்ற நடுத்தர விலங்குகளுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு வரை வேண்டும் என்கிறது. ஆக அவள் எல்லைக்குள்தான் இருக்கிறாள், கவலைப்படத் தேவையில்லை. ஆனால் 450 கிரெயின் அம்பை நொடிக்கு 270 அடி வேகத்தில் எய்யும் ஒருவரிடம் 70க்கும் மேல் இருக்கிறது. அவரால் வீணாக்க முடிகிற ஆற்றலை உங்கள் மகளால் வீணாக்க முடியாது.

மெக்கானிக்கல் முனை அந்த ஆற்றலை இரண்டு இடங்களில் செலவழிக்கிறது. மடிந்திருக்கும் அலகுகள் தோலில் பட்டு விரிவதற்கே ஒரு பங்கு போகிறது. விரிந்த பிறகு 2 அங்குல அகலத்துக்குத் தோல், தசை, விலா எலும்பு எல்லாவற்றையும் பிளந்துகொண்டு போவதற்கு மிச்சத்தில் பெரும்பங்கு போகிறது. குறைந்த இழுவிசைக்கென்றே வடிவமைத்த மெக்கானிக்கல் முனைகள் சில உண்டு. அவற்றிலும் அகலத்தைக் குறைத்துத்தான் காரியத்தைச் சாதிக்கிறார்கள். அப்படிக் குறைத்த பிறகு, விரியும் பொறிமுறை எதற்கு என்பது என் கேள்வி. அது குறிபார்த்த இடத்தில் பயிற்சிக்கான அலகில்லாத முனையான ஃபீல்டு பாயின்ட் போலவே போய்ப் படும் என்பதுதான் அதற்காகச் சொல்லப்படும் நியாயம். வில்லை ஒழுங்காகச் சீர்செய்துவிட்டால் விரியாத முனையும் 20 கெஜத்தில் அப்படியே போய்ப் படும்.

விரியாத முனைகளிலும் நுனியைக் கவனித்து வாங்குங்கள். மஸி முனைகளில் இருப்பதுபோன்ற உளி வடிவ நுனி எலும்பை உடைக்க வல்லது. ஆனால் அது முதலில் குத்தி வழி திறந்த பிறகுதான் அலகுகள் வெட்டத் தொடங்கும். நுனியே அலகாக இருக்கும் முனை பட்ட கணத்திலேயே வெட்டுகிறது. ஆற்றல் குறைந்த வில்லுக்கு அதுவே பொருந்தும். மேக்னஸ் ஸ்டிங்கர், ஸ்விக்கி போன்றவை இந்த வகை. ஸ்டிங்கரில் குறுக்காகச் செருகும் சிறிய துணை அலகுகள் கொண்ட வகையும் கிடைக்கிறது. 40 பவுண்டில் நான் அவற்றைச் செருகாமல் விட்டுவிடச் சொல்வேன். ஜி5 மாண்டெக் போன்ற ஒரே வார்ப்பிலான மூன்று அலகு முனை இரண்டாவது தேர்வாக இருக்கலாம். அதன் ஒரு வசதி, எந்த இரண்டு அலகுகளையும் தட்டையான சாணைக்கல்லில் ஒருசேரப் படியவைத்துத் தீட்டிவிடலாம்.

நீண்டு குறுகிய இரண்டு அலகு முனையின் பக்கம் நான் சாய்வதற்கு எட் ஆஷ்பியின் ஆய்வுகளும் காரணம். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் அவர் பெரிய விலங்குகளின்மேல் அம்புகளைச் சோதித்து, அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளமுள்ள அலகே குறைந்த தடையுடன் ஆழமாகப் போகிறது என்று வலியுறுத்தினார். எருமைக்கு வேண்டிய 650 கிரெயின் அம்பெல்லாம் உங்கள் மகளுக்கு வேண்டாம். ஆனால் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் அந்தக் கணக்கு, எளிய வில் வைத்திருப்பவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் உதவும்.

எடையைப் பொறுத்தவரை கடைகளில் 100, 125 கிரெயின் முனைகள் தாராளமாகக் கிடைக்கும். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம் என்பதால் இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆயினும் முன்பக்கம் எடை கூடும்போது, எய்யும் கணத்தில் அம்பு அதிகமாக வளையும். ஸ்பைன் எண் பெரியதாக இருந்தால் அம்பு மென்மையானது. உங்கள் 500 எண் அம்பு, 40 பவுண்டுக்கும் குட்டையான அம்பு நீளத்துக்கும் சற்று விறைப்பான பக்கத்தில்தான் இருக்கும். தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு 125 கிரெயினையே வாங்குங்கள். வேகம் சிறிது குறைந்தாலும் அம்பின் உந்தம் கூடும். 20 கெஜத்துக்குள் அதனால் அம்பின் வீழ்ச்சியில் வரும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பயிற்சிக்கு வைத்திருக்கும் ஃபீல்டு பாயின்ட்களையும் அதே எடைக்கு மாற்றிவிடுங்கள்.

கூர்மையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மழுங்கிய கத்திக்குக் கீழே தக்காளித் தோல் வழுக்கி நழுவுவதுபோல, மழுங்கிய அலகுக்கு இரத்தக்குழாய்கள் விலகிக்கொடுத்துவிடும். அறுபட்டாலும் சிதைந்த விளிம்பில் இரத்தம் விரைவில் உறையும். புதிய முனை கூர்மையாகத்தான் இருக்கும் என்று பெட்டியை நம்பிவிட வேண்டாம். ஒரு சிறிய மரச்சட்டத்தில் இரண்டு ஆணிகளுக்கிடையே ரப்பர் பேண்டை லேசாக இழுத்து மாட்டி, அலகின் விளிம்பை அழுத்தாமல் அதன்மேல் நகர்த்திப் பாருங்கள். ரப்பர் உடனே அறுந்தால் அலகு தயார்; உள்வாங்கி வளைந்து நின்றால் தீட்ட வேண்டும். கைமுடியை மழித்துப் பார்க்கும் பழக்கம் வேட்டைக்காரர்களிடையே உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது அம்பு நேராகப் பறப்பது. முனையை மாட்டியதும் அம்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மரப்பலகையில் ஊன்றி, இரு விரல்களால் பம்பரம்போலச் சுழற்றுங்கள். முனை அம்புடன் சேரும் இடத்தில் தள்ளாட்டம் தெரிந்தால் அந்த முனையை வேறு அம்பில் மாட்டிப் பாருங்கள். அதிலும் தள்ளாடினால் முனை கோணல், இல்லையென்றால் முதல் அம்பில் முனையைத் திருகும் செருகுதான் கோணல். பிறகு ஃபீல்டு பாயின்ட் ஒன்றையும் பிராட்ஹெட் ஒன்றையும் ஒரே புள்ளியைக் குறிவைத்து எய்து பார்க்க வேண்டும். இரண்டும் விலகிப் பட்டால் குறிகாட்டியைத் திருக அவசரப்படாதீர்கள்; பெரும்பாலும் வில்லின் அம்புத்தாங்கியைத்தான் சிறிதளவு நகர்த்த வேண்டியிருக்கும். பிராட்ஹெட்டைத் தாங்கும் நுரைப் பலகையில் மட்டும் எய்யுங்கள், துணிப்பை இலக்கு ஒரே நாளில் கிழிந்துவிடும்.

சிறுவர் வில்லில் மட்டும் வரும் ஓர் ஆபத்தைக் கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடுவதுண்டு. எடையைக் குறைக்க வேண்டி அம்பை மிகக் குட்டையாக வெட்டிவிட்டால், முழுதாக இழுக்கும்போது பிராட்ஹெட்டின் அலகு வில்லைப் பிடித்திருக்கும் இடக்கை விரல்களுக்கு மேலே வந்து நிற்கும். முழு இழுப்பில் அலகின் பின்விளிம்பு வில்லின் முன்பக்கத்தைத் தாண்டி முழுவதுமாக வெளியே இருக்க வேண்டும். வீட்டிலேயே, ஃபீல்டு பாயின்ட் மாட்டிய அம்பை அவள் இழுத்து நிற்கும்போது, பக்கவாட்டில் நின்று அளந்துவிடுங்கள். முனையைத் திருகுவதற்கு அதனுடன் வரும் சாவியைப் பயன்படுத்த வேண்டும், வெறுங்கையால் அல்ல. அம்புறாத்தூணிக்கு அலகுகளை முழுதாக மூடும் கவிகை இருக்க வேண்டும். பரணில் ஏறி அமர்ந்து, பாதுகாப்புப் பட்டையை மாட்டிய பிறகே வில்லும் அம்புகளும் கயிற்றில் மேலே வர வேண்டும்.

விஸ்கான்சின் சட்டப்படி மானுக்கு முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலமும், வில்லின் இழுவிசை 30 பவுண்டும் இருக்க வேண்டும். நான் சொன்ன முனை இதற்குள் அடங்கும். பிற மாநிலங்களுக்குப் போனால் அங்குள்ள விதியைப் பாருங்கள்: ஐடஹோ, ஓரிகன் போன்றவை மெக்கானிக்கல் முனைகளை நெடுங்காலம் அனுமதிக்கவே இல்லை. இதைப் படிக்கும் இந்திய வாசகர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கு மான் வேட்டை குற்றம், மேலே உள்ளது எதுவும் இங்கே பொருந்தாது.

எத்தனை வாங்குவது என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று கொண்ட பெட்டிகள் இரண்டு போதும். ஒரு முனையைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி, மாறிவிடாதபடி அதன் அம்பில் வண்ண நாடா ஒட்டிவிடுங்கள்; மற்றவற்றையும் ஒருமுறையாவது எய்து பார்த்து, பிறகு தீட்டி, நேராகப் பறப்பவற்றை மட்டும் வேட்டைக்கு வையுங்கள். பருவம் தொடங்கும் வாரத்தில், குளிர்கால மேலங்கியுடன், நாற்காலியில் உட்கார்ந்தபடி, பிராட்ஹெட் மாட்டிய அம்புகளை 15 கெஜத்திலிருந்து அவள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் தொடர்ந்து எய்கிறாளா என்று பாருங்கள். எய்தால், பக்கவாட்டில் நிற்கும் மானையும், அவளிடமிருந்து விலகிய கோணத்தில் அப்பால் நோக்கி நிற்கும் மானையும் மட்டும் அந்தத் தொலைவுக்குள் எய்ய அனுமதியுங்கள். அவளை நோக்கி நிற்கும் மானின் தோள் எலும்பை 31 அடி-பவுண்டு ஆற்றல் துளைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இழுப்பதற்கு வில்லை வானத்தை நோக்கித் தூக்குகிறாள் என்றால் இழுவிசையை 36 பவுண்டுக்குக் குறைத்து, குறிகாட்டியை மீண்டும் சரிசெய்யுங்கள். முனையை மாற்ற வேண்டியதில்லை.