கேள்வி – பதில்: படத்துக்கு இசை, கேமுக்கு இசை

கேள்வி: குறும்படங்களுக்கு இசையமைத்து வருகிறேன். இப்போது ஒரு வீடியோ கேம் வாய்ப்பு. படத்துக்குப் போட்டது போலவே போட்டுக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. படத்தில் 38-வது நொடியில் கதவு சாத்தப்பட்டால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே 38-வது நொடிதான். கேம் ஆடுபவரோ அந்தக் கதவருகே இரண்டு நிமிடமும் நிற்பார், இருபது நிமிடமும் நிற்பார். அதனால் இசை சலிக்காமல் சுற்றவும் வேண்டும், கேட்ட கணத்தில் நிறம் மாறவும் வேண்டும்.

முதல் கேமுக்கு அடுக்கு முறையே நல்லது. ஒரே வேகம், ஒரே நீளத்தில் தாளம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் என நான்கு ஸ்டெம்கள், அதாவது தனித்தனி ஒலிக்கோப்புகள். நான்கும் சேர்ந்தே ஓடும். எதிரி நெருங்கும்போது தாளத்தின் ஒலி மட்டும் ஏறும். எந்த அடுக்கு எப்போது சேர்ந்தாலும் பொருந்த வேண்டும் என்பதால், கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். கேமுக்குள் இசையை இயக்கும் மென்பொருள்களான எஃப்மாட் (FMOD), வைஸ் (Wwise) இரண்டில் ஒன்றையாவது பழகி, உங்கள் அடுக்குகளை நீங்களே ஏற்றி இறக்கிக் கேட்டுப் பாருங்கள். தனியாக அழகாக ஒலித்த ஸ்ட்ரிங்ஸ், தாளம் இல்லாதபோது வெறுமையாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் இசைப் பகுதி) திரும்பும் இடத்தில் சில நேரம் 'டிக்' சத்தம், சில நேரம் ஒரு நொடிக்கும் குறைவான அமைதி. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. அமைதிக்குக் காரணம் பெரும்பாலும் எம்பி3. அது கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு வெற்றிடம் சேர்க்கும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகக் கொடுங்கள், அளவைச் சுருக்கச் சொன்னால் ஆக் வார்பிஸ் (Ogg Vorbis) வடிவில்.

'டிக்' வருவது, ஒலியலையின் முடிவும் தொடக்கமும் ஒட்டாததால். ரிவெர்பின் (எதிரொலிப்பு) வால், அதாவது மெல்ல அடங்கும் ஒலி, பாதியில் அறுவதும் அதோடு சேரும். அதே பகுதியை அடுத்தடுத்து இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் கேம் தொடங்கியதும் அந்த வால் காரணமின்றிக் கேட்கும். அதற்காக, வால் இல்லாத முதல் சுற்றைத் தனிக் கோப்பாகக் கொடுத்து, அதை ஒரே ஒரு முறை ஓடவிடச் சொல்லுங்கள்.

வெட்டு துல்லியமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 120 அடி, நான்கு அடிக்கு ஒரு பார் என்றால் 16 பார் 32 நொடி. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு), அதாவது 48,000 ஹெர்ட்ஸ் என்றால் 15,36,000 சாம்பிள். எல்லா ஸ்டெமும் இதே எண்ணில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுற்றுக்குச் சுற்று விலகிக்கொண்டே போகும்.

கேள்வி: படத்தில் அந்த 38-வது நொடிக் கதவு என் தாளத்தோடு சேரவில்லை. வேகம் நிமிடத்துக்கு 100 அடி.

பதில்: 100-இல் 38 நொடிக்குள் 63.3 அடிதான் ஓடுகிறது. 64 ஓடிவிட்டால் 17-வது பாரின் முதல் அடி சரியாகக் கதவில் விழும். 64 × 60 ÷ 38: வேகத்தை 101.05 ஆக்குங்கள். காதுக்கு வித்தியாசமே தெரியாது. இதே போல ஒவ்வொரு அசைவுக்கும் அடி வைக்கத் தோன்றும். வேண்டாம், காட்சி கார்ட்டூனாகிவிடும். படம் நொடிக்கு 23.976 ஃப்ரேமா, 24-ஆ என்பதையும் எடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். மாறிப்போனால் இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய மூன்று ஃப்ரேம் தள்ளிவிடும்.

கேள்வி: கேமுக்குச் சம்பளம் எப்படிப் பேசுவது?

பதில்: முடிந்த இசையின் நிமிடக் கணக்கில். நான்கு அடுக்குள்ள இரண்டு நிமிடம் வெறும் இரண்டு நிமிட வேலையல்ல; அதைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை முறை திருத்தம், வாத்தியக்காரர் செலவு யாருடையது, இசையைத் தனி ஆல்பமாக வெளியிடும் உரிமை யாருக்கு, இவை மூன்றும் கையெழுத்துக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும்.