வேர் விடாத செம்பருத்திக் கம்பைத் தபாலில் அனுப்பினால் பிழைக்குமா?

தக்கலையிலிருந்து சென்னையில் இருக்கும் அக்காவுக்குச் செம்பருத்திக் கம்பு அனுப்பினால் வாடிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடுவதைவிட அழுகுவதுதான் அதிகம். முதல் தடவை சொட்டச் சொட்ட நனைத்த துணியில் சுற்றி நானே கெடுத்தேன். பிரித்தபோது பட்டை கையோடு வழுக்கிக்கொண்டு வந்ததாம்.

பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் காலையில் வெட்டுங்கள். இலைகளைக் கிள்ளிவிடுங்கள், ஈரம் அதன் வழியாகத்தான் போகும். செய்தித்தாளை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும்வரை பிழிந்து, அடிப்பக்கம் மட்டும் சுற்றி, பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். அப்புறம் அட்டைப்பெட்டியில் ஆடாமல் வைத்து, திங்கட்கிழமையே ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள். நடுவில் ஞாயிறு வராது.

கள்ளி வகைக்கு மட்டும் ஈரமே வேண்டாம். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்தபின் வெறும் தாள் போதும்.